உயிரோடு இருப்பவருக்கு ஒரு படச்சட்டம்

எங்கள் ஆட்களுக்குப் பழைய சாமான் என்றால் ஆகாது. பாரிஸுக்கு வந்து கோப்பை கழுவி, ஒரே அறையில் ஏழெட்டுப் பேரோடு படுத்து எழும்பினாலும், கையில் நாலு காசு சேர்ந்தவுடன் பெட்டி பிரிக்காத புதுச் சாமானாகத்தான் வாங்குவோம். புது சோபாவின் பொலித்தீன் உறையைக் கழற்ற மனமில்லாமல் அதன்மேலேயே வருடக்கணக்காக இருந்தவர்களை எனக்குத் தெரியும். அதில் ஒருவர் என் கணவர். அதனால், நகரத்தின் வடக்கு எல்லையில் கூடும் பழம்பொருள் சந்தைக்கு நான் அடிக்கடி போவதை வீட்டில் ஒரு நோயாகவே பார்த்தார்கள். பிரெஞ்சுக்காரர் அதற்கு, நாயில் ஒட்டுகிற தெள்ளுப்பூச்சியின் பேரில், தெள்ளுச் சந்தை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். "தெள்ளுப் பிடிக்கப் போறீரோ?" என்று ஒவ்வொரு முறையும் கேட்டுவிட்டு என் கணவர் தானே சிரித்துக்கொள்வார்.

நான் அங்கே வாங்கப் போவதில்லை. கிழமை முழுக்க லோண்டரியில் ஊராரின் சட்டைகளை அயன் செய்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒருவரும் என்னை ஒன்றும் கேட்காத இடத்தில் கொஞ்சம் நடக்கவேண்டும் போல இருக்கும். அவ்வளவுதான்.

அக்கா வந்த பிறகு அதுவும் மாறியது.

அக்கா என்னைவிட நன்றாக மூத்தவள். நான் பாரிஸ் வந்து வேரூன்றிவிட்டேன். அவள் கல்யாணம் முடித்து வன்னியிலேயே இருந்துவிட்டாள். போர் முடிந்து மூன்றாவது வருடம், எங்கெங்கோ சுற்றி, ஒரு குளிர்காலக் காலையில் பாரிஸுக்கு வெளியே லெ பிளாங்-மெனிலில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். கையில் ஒரு பை. நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. கழுத்தில் தாலிக்கொடி இல்லை, அது எப்போதோ அரிசியாகிவிட்டது. அதற்குப் பதிலாக ஒரு மஞ்சள் கயிறு இருந்தது.

அத்தானைப் பற்றி எங்களுக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். 2009 மே மாதம், கடைசி நாட்களில், சனத்தோடு சனமாக இருவரும் இராணுவத்தின் பக்கம் நடந்து வந்திருக்கிறார்கள். அத்தான் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர். பதிந்துவிட்டு விடுகிறோம் என்று சொல்லி அவரை ஒரு பக்கமாகக் கூப்பிட்டு, வேறு ஆண்களோடு சேர்த்து ஒரு பஸ்ஸில் ஏற்றினார்கள். அவர் யன்னலோரம் இருந்தாராம். கையைக் காட்டவில்லையாம், தண்ணீர்ப் போத்தலை எடுத்துக்கொண்டாயா என்று சைகையால் கேட்டாராம். பஸ் போனது. அதன் பிறகு அவரைக் கண்டதாகவும் ஒருவரும் சொல்லவில்லை, செத்ததாகவும் ஒருவரும் சொல்லவில்லை.

அக்காவிடம் அவருடைய படம் ஒன்று இருந்தது. அடையாள அட்டைக்கு எடுத்த சின்னப் படம். சனத்தை அடைத்து வைத்திருந்த முள்வேலி முகாமிலிருந்து தன்னை வெளியே விட்ட நாளிலிருந்து அதைத்தான் தடுப்பு முகாம்களின் வாசல் வாசலாகக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறாள். மூலைகள் தேய்ந்து, வியர்வை பட்டு ஒரு காது மங்கிப்போயிருந்தது. மற்றக் காதும் சிரிக்காத முகமும் மிச்சமிருந்தன. நேரில் வாய் ஓயாத மனிதர் அவர். நான் வெளிக்கிட்டு வரும்போது, "மச்சாள், பாரிஸ் போய்ச் சேந்தவுடனை எனக்கு ஒரு சென்ற் போத்தில் அனுப்பும், கடைக்கு வாற சனம் மாசிக் கருவாட்டு மணத்திலை ஓடுது" என்று சொன்னவர். கமராவைக் கண்டால் மட்டும் இறுகிவிடுவார்.

எபினேயில் இருக்கும் என் மாமியார் அக்காவைப் பார்க்க வந்தபோது அந்தப் பொட்டைத்தான் முதலில் பார்த்தார். சாப்பிட்டுக் கைகழுவிய பிறகு மெதுவாகச் சொன்னார்.

"பிள்ளை, ஒரு நாளைப் பாத்து அந்தியேட்டியைச் செய்துவிடுங்கோ. ஆத்துமா அலையக்கூடாது."

"ஓம் மாமி," என்றாள் அக்கா. "ஆனால் அவர் திரும்பி வந்து, 'என்னப்பா, எனக்கே நீர் திவசம் செய்தனீர்?' எண்டு கேட்டால் நான் என்ன சொல்ல?"

மாமி வாயை மூடிக்கொண்டார். அவர் வாய் மூடுவது எங்கள் வீட்டில் அபூர்வம். ஆனால் பாரிஸில் எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லாச்சப்பலில், கோயிலில், கல்யாண வீடுகளில் இந்தக் கதை வேறு வாய்களில் தொடர்ந்தது. பொட்டைப் பார்ப்பார்கள், பிறகு என்னைப் பார்ப்பார்கள். நான் முறைத்துப் பார்ப்பேன். அப்படி முறைத்தாலும், அத்தான் உயிரோடு இருக்கிறார் என்று நானும் நம்பவில்லை என்பதுதான் உண்மை. அதை அக்காவிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

ஒருநாள் அக்கா சொன்னாள், "சின்னப் படத்தைக் கையிலை வச்சுக்கொண்டு திரிஞ்சால் துலைஞ்சு போம். பெருசாக்கிச் சுவரிலை கொழுவோணும்."

சொன்னவளுக்கே அதிலுள்ள சிக்கல் தெரியும். எங்கள் வீட்டுச் சுவரில் ஒருவர் தனியாளாகத் தொங்குவதற்கு ஒரு தகுதி வேண்டும்: செத்திருக்க வேண்டும். உயிரோடு இருப்பவர்கள் கல்யாணப் படத்தில் சோடியாகவும், பெண்பிள்ளை பெரியவளான சாமத்தியவீட்டுப் படத்தில் கும்பலாகவும் தொங்குவார்கள். தனி முகம், தங்க விளிம்பு வைத்த சட்டம், பிளாஸ்டிக் மாலை, கீழே சிவப்பாக மினுங்கும் மின்சார விளக்கு, இவ்வளவும் லாச்சப்பலில் ஒரே கடையில் வாங்கலாம். வீட்டுக்குள் நுழைகிற எவரும் அதைக் கண்டவுடன் குரலைத் தணித்துக்கொள்வார்கள்.

"செத்த ஆக்களின்ரை பிறேம் எனக்கு வேண்டாம்," என்றாள் அக்கா. "வெள்ளைக்காரர் உயிரோடை இருக்கிற ஆக்களையும் தனியக் கொழுவி வைக்கிறவை தானே? அப்பிடி ஒண்டு வேணும்."

அப்படித்தான் நான் அக்காவைத் தெள்ளுச் சந்தைக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

கார் து நோர் ஸ்டேஷனில் ரயில் மாறி, மெட்ரோ முடிகிற இடத்தில் இறங்கினோம். வாசலில் பெல்ட் விற்பவர்களும் கள்ளப் பெயர் போட்ட சப்பாத்து விற்பவர்களும் சூழ்ந்துகொண்டார்கள். அவர்களைத் தாண்டி நெடுஞ்சாலைப் பாலத்துக்குக் கீழே போனால், கடை எடுக்க வசதியில்லாதவர்கள் நிலத்தில் படுக்கை விரிப்பைப் போட்டுச் சாமான் பரப்பியிருப்பார்கள். ஒற்றைச் சப்பாத்து, கரண்டி, பிள்ளைகளின் பால்போத்தல், தலையில்லாத பொம்மை, நனைந்த கம்பளி. அக்கா அதில் நின்றுவிட்டாள்.

"றோட்டுக்கரையிலை இப்பிடித்தான் கிடந்தது," என்றாள். "நாங்கள் வந்த வழி முழுக்க. சாமான் மட்டும். ஆக்களைக் காணேல்லை."

இவளை இங்கே கூட்டிவந்தேனே என்று என்னையே திட்டிக்கொண்டு, திரும்பிப் போவோம் என்றேன்.

"ஏன்? இஞ்சை பக்கத்திலை ஆள் இருக்கு தானே," என்று சொல்லிவிட்டு, சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள்.

உள்ளே ஒழுங்கைகள் இருக்கின்றன. முன்பக்கத்துக் கடைகளில் அரசர் காலத்து நாற்காலிகள். அவற்றை நாங்கள் தொட்டாலே கடைக்காரர் எழும்பி நிற்பார். பின்பக்கம் போகப் போக விலையும் மரியாதையும் குறையும். ஒரு மூலையில், விரல் நுனி இல்லாத கையுறை போட்ட ஒரு பெண், பிளாஸ்கிலிருந்து கோப்பி ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தாள். என் வயதிருக்கும். அவளைச் சுற்றிச் சட்டங்கள் அடுக்கியிருந்தன. காலடியில் ஒரு திறந்த சூட்கேஸ். அது நிறையப் பழைய குடும்பப் படங்கள். மாப்பிள்ளை பொம்பிளை, தொப்பி போட்ட சிப்பாய்கள், தொட்டிலில் பிள்ளை, கடற்கரையில் யாரோ.

அக்கா சட்டத்தை மறந்து சூட்கேஸுக்குப் பக்கத்தில் குந்திவிட்டாள். ஒவ்வொன்றாக எடுத்தாள்.

"இது ஆர் எண்டு கேள்."

நான் கேட்டேன். அந்தப் பெண் தோளைக் குலுக்கினாள்.

"அவவுக்குத் தெரியாதாம்."

"ஆற்றை படம் எண்டு தெரியாமல் எப்பிடி விக்கிறா? எங்காலை எடுத்தவவாம்?"

வீடுகளைக் காலி செய்யும்போது வருகிறவை என்று அந்தப் பெண் சொன்னாள். இருந்தவர்கள் செத்த பிறகுதான் வீட்டைக் காலி செய்வார்கள் என்பது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். நான் கேட்டதைக் கேட்டபடி தமிழில் சொன்னேன்.

"வீட்டைக் காலி பண்ணினவையாம் அக்கா."

அக்காவின் முகம் தெளிந்தது. "அப்ப இடம்பெயர்ந்தவை," என்றாள். "ஓம். இடம்பெயரேக்கை எல்லாத்தையும் கொண்டு போகேலாது தானே. நானும் எங்கடை பட அல்பத்தை விட்டிட்டுத்தானே வந்தனான்."

கிளிநொச்சியிலிருந்து வெளிக்கிட்டபோது விட்ட சாமான்களைப் பற்றி அவள் பேசியது அதுதான் முதல் தடவை. அந்தப் பெண்ணிடம் நான் அதை மொழிபெயர்க்கவில்லை. மொழிபெயர்க்க எனக்கு வரவில்லை.

சட்டத்தை அக்காவே கண்டுபிடித்தாள். கடும் பழுப்பு மரம், மூலைகளில் முந்திரிகைக் கொடி செதுக்கியிருந்தது. உள்ளே ஒரு படம்: ஒரு மனிதர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு மதிலோரம் நிற்கிறார். சட்டைக் கை மடித்திருக்கிறது. சிரிக்கவில்லை.

"சைக்கிளை விடாமல் பிடிச்சுக்கொண்டு நிக்கிறதைப் பாரன்," என்றாள் அக்கா. "இவரும் இப்பிடித்தான். ஸ்ராண்ட் போட்டிருந்தாலும் கையை எடுக்க மாட்டார்."

பேரம் பேச என் பிரெஞ்சு தேவைப்படவில்லை. விலையைக் கேட்டதும் அக்கா, வாடின மீனைப் பார்ப்பதுபோல முகத்தைச் சுழித்துக்கொண்டு நடக்கத் தொடங்கினாள். நாலாவது கடைக்குப் போவதற்குள் அந்தப் பெண் கூப்பிட்டுவிட்டாள். விலை படிந்தது. அவள் சட்டத்தைக் கவிழ்த்து, ஆணியை நெம்பி, சைக்கிள்காரரை உருவி, சூட்கேஸுக்குள் போடப் போனாள். அக்கா அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அவரையும் தரச் சொல்லு. வெறும் பெட்டிக்குள்ளை போடவேண்டாம்."

அந்தப் பெண் ஆச்சரியமாகப் பார்த்துவிட்டு, ஒரு பேப்பரில் சுற்றிச் சும்மா தந்தாள்.

அன்றே லாச்சப்பலுக்குப் போனோம். அங்கே ரூ பெர்தொனே என்ற தெருவில் அப்போது ஒரு அச்சுக்கடை இருந்தது. கல்யாணக் கார்ட், சாமத்தியவீட்டுப் பனர், மரண அறிவித்தல், படம் பெருப்பித்தல் எல்லாம் அங்கேதான். கடைக்காரர் மெல்லிய குரலில் பேசுகிற மனிதர். அத்தானின் படத்தை இரண்டு கையாலும் வாங்கி, விளக்கின்கீழ் பிடித்துப் பார்த்தார். சட்டத்தை அளந்தார்.

"காது மங்கிக் கிடக்கு. அதைச் சரிப்படுத்தி நல்ல வடிவாச் செய்து தாறன் அக்கா," என்றார். "நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ."

வேறு ஒன்றும் கேட்கவில்லை. அக்காவுக்கு அவரைப் பிடித்துக்கொண்டது. லாச்சப்பலில் துருவித் துருவி விசாரிக்காத ஒரு மனிதர் கிடைப்பது லேசில்லை.

அடுத்த ஞாயிறு, சட்டத்தைத் துவாயில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு அக்கா ரயிலில் வந்தாள். எங்கே கொழுவுவது என்று முடிவு செய்துவிட்டாள்: சாமிப் படங்களின் பக்கம் இல்லை, சோபாவுக்கு மேலே, ரிவியைப் பார்த்தபடி. "ஆள் உலகச் செய்தி பாக்காமல் இருக்கமாட்டார்," என்றாள். நல்ல சேலை கட்டியிருந்தாள்.

கடைக்காரர் படத்தைக் கொண்டுவந்து மேசையில் விரித்தார்.

அத்தானின் காது திரும்பி வந்திருந்தது. அவர் பிறந்ததிலிருந்து போட்டிராத ஒரு கோட்டும் ரையும் போட்டிருந்தார். பின்னால் இளநீல வானம். கீழே இரண்டு பக்கமும் குத்துவிளக்கு எரிந்தது. நடுவில் தாமரை. ஒரு பக்கம் 'தோற்றம்', மறு பக்கம் 'மறைவு' என்று அழகான எழுத்தில் போட்டு, திகதிக்கு இடம் விட்டிருந்தார்.

முதலில் எனக்கு, நன்றாக வந்திருக்கிறது என்றுதான் பட்டது. அந்த ஒரு கணத்தில், எல்லாம் இருக்கவேண்டிய இடத்தில் இருப்பதுபோல இருந்தது. பிறகுதான் அக்கா பக்கத்தில் நிற்பது நினைவுக்கு வந்தது.

அக்கா குனிந்து நெடுநேரம் பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"தம்பி, உங்களுக்கு ஆர் சொன்னது?"

அவருக்கு விளங்கவில்லை. "என்னக்கா?"

"இவர் இல்லை எண்டு ஆர் சொன்னது? உங்களிட்டைக் கன சனம் வந்து போகுது. ஆரும் கண்டவையோ? எங்கை வச்சு? எப்ப?"

அவள் குரலில் கோபம் இல்லை. கோபமாக இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். வாசல் வாசலாக நின்று கேட்ட கேள்விக்குக் கடைசியில் இந்த மனிதருக்குப் பதில் தெரிந்துவிட்டதோ என்ற பதற்றம்தான் இருந்தது. மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இல்லை அக்கா," என்றார் அவர். "ஒருத்தரும் சொல்லேல்லை. தனிப் படம் கொண்டு வாற ஆக்கள் எல்லாரும் இந்த வருசங்களிலை இதுக்குத்தான் வாறவை. கேட்டால் அழுவினம் எண்டு நான் கேக்கிறேல்லை. திகதியை மட்டும் பிறகு கேட்டுப் போடுவம் எண்டு விட்டனான்."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டால் குறைஞ்சு போவீங்களோ? நெற்றியிலை பொட்டோடை ஒரு மனிசி முன்னாலை நிக்கிறா, கண் தெரியேல்லையோ?" என்று கத்தினேன். வேறு வாடிக்கையாளர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அந்த வருடங்களில் எத்தனை முகங்களுக்குக் கீழே அவர் விளக்கு ஏற்றியிருப்பார் என்பதை நான் பிறகுதான் யோசித்தேன். கை பழகிவிட்டது. அவர் என்ன செய்வார்?

அவர் படத்தை எடுத்துக் கிழிக்கப் போனார்.

"கிழியாதேங்கோ," என்றாள் அக்கா. "முகம் கிடக்கு."

"இப்பவே விளக்கில்லாமல் வேறை அடிச்சுத் தாறன் அக்கா. கொஞ்சம் இருங்கோ."

"வேண்டாம் தம்பி. உங்களிலை பிழையில்லை." சின்னப் படத்தைத் திருப்பி வாங்கி, அதற்கும் ஏதாவது ஆகிவிட்டதா என்பதுபோலப் பார்த்தாள். அதில் அத்தான் பழையபடி ஒரு காதோடு இருந்தார். அதைப் பேர்ஸுக்குள் வைத்தாள்.

ரயிலில் இடம் கிடைத்தது. சுருட்டிய படம் ஒரு கையில், வெறும் சட்டம் மடியில்.

"எடி," என்றாள் பிறகு. "அந்தக் கடைப் பொடியனுக்கு உண்மையா ஏதும் தெரிஞ்சிருந்தால் நல்லாயிருக்கும் எண்டு ஒரு நிமிசம் நினைச்சிட்டன். என்ன மனிசி நான்."

அதைச் சொல்லிவிட்டு அழுதாள். பாரிஸ் வந்த பிறகு அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான். எதிரே இருந்த ஒரு கறுப்பினத்து அம்மா தன் பையிலிருந்து கடதாசிக் கைக்குட்டைப் பக்கெட்டை எடுத்து நீட்டினார். நான் வாங்கி, இருவரும் பயன்படுத்தினோம்.

அந்தப் பெரிய படம் இன்றைக்கும் எங்கள் அலுமாரிக்கு மேலே சுருட்டியபடியே இருக்கிறது. கிழிக்கவும் முடியாது, கொழுவவும் முடியாது. தூசு தட்டும்போது அதை எடுத்துத் துடைத்துவிட்டு அதே இடத்தில் வைப்பேன்.

சட்டத்துக்குள் அக்கா சைக்கிள்காரரையே திரும்ப வைத்தாள். சோபாவுக்கு மேலே, ரிவியைப் பார்த்தபடி, அத்தானுக்கென்று பார்த்து வைத்த இடத்தில் அவரைக் கொழுவினாள். என் கணவர், "ஆரெண்டு தெரியாத வெள்ளைக்காரனை நடுவீட்டிலை வச்சிருக்கிறியள்" என்று புறுபுறுத்தார். மாமி வெளிச்சத்தில் உற்றுப் பார்த்துவிட்டு, "இவர் உங்கடை பழைய வீட்டுக்காரரோ?" என்று கேட்டார். என் மகள் பிரெஞ்சில் கேட்டாள், இது யார் என்று. அக்கா தமிழில் சொன்னாள், "தெரியாது பிள்ளை. இவரை ஆரோ தேடிக்கொண்டிருக்கினம்."

அடுத்த ஞாயிறும் அக்கா வெளிக்கிட்டு நின்றாள். தெள்ளுச் சந்தைக்குப் போகவேண்டுமாம். இன்னொரு சட்டமா என்று கேட்டேன். இல்லை என்றாள். ஒரு கடதாசியில் எங்கள் வீட்டுப் போன் நம்பரைப் பெரிதாக எழுதித் தரச் சொன்னாள்.

கையுறைக்காரி எங்களை அடையாளம் கண்டு, சட்டம் உடைந்துவிட்டதா என்று கேட்டாள். அக்கா கடதாசியை நீட்டினாள்.

"இவவுக்குச் சொல்லு," என்றாள் என்னிடம். "அண்டைக்குத் தந்த சைக்கிள்காரர் எங்கடை வீட்டிலைதான் இருக்கிறார் எண்டு சொல்லு. பத்திரமா இருக்கிறார். ஆரும் தேடிக்கொண்டு வந்தால் இந்த நம்பரைக் குடுக்கச் சொல்லு."

நான் சொன்னேன். எண்பது வருடத்துக்கு முந்திய படம் அது, தேடி வர ஒருவரும் மிச்சமில்லை என்று அந்தப் பெண் சொல்லப் போகிறாள் என்று பயந்தேன். அவள் அக்காவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு அந்தக் கடதாசியைச் சூட்கேஸ் மூடியின் உட்பக்கத்தில், மழை படாத இடமாகப் பார்த்து, கிளிப் போட்டு மாட்டினாள். அக்காவுக்குத் தன் பிளாஸ்கிலிருந்து கோப்பி ஊற்றிக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு கன வருடம் ஓடிவிட்டது. அக்காவுக்கு வதிவிடக் கார்ட் கிடைத்தது, ஒரு பள்ளிக்கூடக் குசினியில் மரக்கறி வெட்டுகிறாள். பொட்டு அப்படியே இருக்கிறது. மாமி காலமாகி, எபினேயில் தங்க விளிம்புச் சட்டத்துக்குள் தனியாளாகத் தொங்குகிறார். சந்தைக்குப் போகும்போதெல்லாம் அக்கா சூட்கேஸ் மூடியைப் பார்ப்பாள். மை மங்கியிருந்தால் புதிதாக எழுதிக் கொடுப்பாள். வீட்டுப் போன் நம்பரை மாற்ற என் கணவர் இரண்டு தரம் யோசித்தார். அக்கா விடவில்லை.

தெரியாத நம்பரில் போன் அடித்தால் இப்போதும் கையைத் துடைத்துக்கொண்டு அவள்தான் முதலில் ஓடிவருவாள். தமிழ்க் குரலாக இருந்தால் பேசாமல் கேட்டுக்கொண்டு நிற்பாள். பிரெஞ்சுக் குரலாக இருந்தால், அது மின்சாரக் கொம்பனி விற்பனைக்காரனாகவே இருந்தாலும், ஒரே மூச்சில் ஒரு வசனம் சொல்லுவாள். என்னிடம் கேட்டுப் பாடமாக்கியது. அவளுக்குப் பிழையில்லாமல் வருகிற பிரெஞ்சு அது ஒன்றுதான்: அவர் இங்கே இருக்கிறார், பத்திரமாக இருக்கிறார், வந்து கூட்டிக்கொண்டு போங்கள்.